இரவு வலிக்கு யார் எழுந்து வருவார்? அந்திமகாலப் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்வி-பதில்

முதியோர் பராமரிப்புப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, குணப்படுத்த இயலாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவை என்பதாலும், முப்பத்திரண்டு ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய எனக்கு அதுவே சொந்த மாவட்டம் என்பதாலும், இம்முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. கணையத்தில் புற்றுநோய். மகரகமவிலும் பின்னர் மட்டக்களப்பிலும் சிகிச்சை பெற்றார். இனி மருந்தேற்றுவதால் பயனில்லை, வலியில்லாமல் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர்கள் கூறிவிட்டார்கள். நான் ஆசிரியை, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். தங்கவைத்துப் பராமரிக்கும் ஒரு தனியார் இல்லத்தையும், வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு சேவையையும் விசாரித்து வைத்திருக்கிறோம். இரு தரப்பினரும் நன்றாகப் பேசுகிறார்கள். எது தரமானது என்று எப்படி அறிவது?
– ஒரு மகள், உவர்மலை

பதில்: மகளே, பேச்சை வைத்து இந்த விடயத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதை என் குடும்பத்தில் நடந்த ஒன்றைக்கொண்டே கூறுகிறேன். என் அக்காவின் கணவருக்கு நுரையீரலில் வந்த புற்றுநோய் முள்ளந்தண்டுக்கும் பரவிய பின்னர், வேறொரு மாவட்டத்திலிருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். பளிங்குத் தரை, முற்றத்தில் செவ்வரத்தை, வாசலில் கைகூப்பி வரவேற்ற பிள்ளைகள் என்று எல்லாம் மனத்துக்கு நிறைவாகவே இருந்தன. இரண்டாம் நாள் இரவு ஒரு மணியளவில் அத்தானுக்கு நோவு தொடங்கியது. கடமையிலிருந்த பிள்ளை ஓடிவந்தாள், முதுகைத் தடவினாள், தைலம் பூசினாள். ஆனால் மருந்து அலுமாரியின் திறப்பு அவளிடம் இல்லை. அது பகல் நேரப் பொறுப்புத் தாதியின் கைப்பையோடு அவருடைய வீட்டுக்குப் போயிருந்தது. காலை ஆறரை மணிக்கு அவர் வந்து அலுமாரியைத் திறக்கும்வரை, ஐந்தரை மணித்தியாலம் அத்தான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடியே கிடந்தார். நான் போய்ப் பார்த்தபோது அவருடைய உள்ளங்கையில் அந்தக் கம்பியின் தடம் சிவந்து பதிந்திருந்தது. இத்தனை ஆண்டு தாதியாக இருந்த நானே, சேர்க்கும்போது, அந்தத் திறப்பு இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்கத் தவறியிருந்தேன். அந்த வேதனை இன்றுவரை ஆறவில்லை.

அன்றிலிருந்து, கடைசிக் காலப் பராமரிப்பை அளக்க நான் முதலில் எடுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நோயாளிக்கு வலி தொடங்கிய நேரத்துக்கும், அதற்குரிய மருந்து அவர் உடம்புக்குள் போன நேரத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம் கழிகிறது? மற்றவற்றையெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம். இல்லத்தாரிடமும் வீட்டுச் சேவையினரிடமும் இதை நேராகவே கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அப்பா வலியால் துடித்தால் யார் எழுந்து வருவார், அவர் தாதியா உதவியாளரா, மருந்து எங்கே இருக்கிறது, வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டுமென்றால் அந்த வைத்தியர் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நல்ல இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. எழுதிவைத்த ஒழுங்கொன்றை எடுத்துக் காட்டுவார்கள். ‘அப்படியெல்லாம் வராது, நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்ற பதில் வந்தால், இன்னும் யோசியுங்கள். கணையப் புற்றுநோயின் வலி மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவும், படுத்தால் கூடும் என்பதால் இரவு நேரமே உங்கள் அப்பாவுக்குக் கடினமான நேரமாக இருக்கக்கூடும்.

அடுத்ததாக, வலிப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பெயரை மறைத்துவிட்டு, தற்போதுள்ள ஒரு நோயாளியின் தாளைக் காட்டலாம், அதில் தவறில்லை. வலியை 0 முதல் 10 வரை எண்ணால் குறிப்பது வழக்கம். நேர்மையாக எழுதப்பட்ட தாளில் எண்கள் ஏறி இறங்கும்: மாலையில் 7, மருந்து கொடுத்து ஒரு மணித்தியாலத்துக்குப் பின் 3, மறுநாள் குளிக்கவார்த்தபோது 6 என்று, வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு பேனையில், ஓரத்தில் ஒரு தேநீர்க் கறையோடுகூட இருக்கும். ஒரே நீலப் பேனையில், ஒரே சாய்வில், ஏழு நாளுக்கும் 2, 2, 2 என்று நிரம்பியிருக்கும் தாளை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அது கட்டிலருகில் நின்று எழுதியதன்று. பரிசோதகர் வருகிறார் என்று கேள்விப்பட்டு மேசையில் இருந்து ஒரே மூச்சில் நிரப்பியது.

மருந்துத் துண்டையும் பாருங்கள். உடனடியாகச் செயற்படும் மோர்பினின் வேலை ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும் என்பதால், வலி வந்த பின்னர் தேடிக் கொடுக்காமல் மணிக்கணக்கு வைத்தும், இயன்றவரை வாய்வழியாகவும் கொடுக்க வேண்டும் என்று 1986 ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் வகுத்துவிட்டது. ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று எழுதிய ஒற்றை வரியோடு கடுமையான வலியுள்ளவரை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை தெரியவில்லை என்பதே பொருள். வேளைக்குரிய மருந்தோடு, இடையில் வலி கிளம்பினால் கொடுப்பதற்கென்று தனியாக ஓர் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது பொதுவாக ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்காக இருக்கும். 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் பெறுபவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் போகிறதென்றால், இடைவலிக்கு இன்னொரு 10 என்று கணக்கு வரும். இதை வைத்தியர்தான் தீர்மானிப்பார், நீங்கள் கூட்டிக் குறைக்கக் கூடாது. ஆயினும் அங்குள்ள தாதியிடம் கேட்டால் அவருக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும். இன்னொன்று: மோர்பின் மலச்சிக்கலை உண்டாக்கும், அது நாட்கள் போகப் பழகிவிடும் ஒன்றுமன்று. ஆகவே மோர்பின் எழுதிய அதே துண்டில் மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால், எட்டு நாள் மலம் போகாமல் வயிறு கல்லாகி, வலி குறைந்தும் நிம்மதியில்லாமல் கிடக்கும் நோயாளிகளே அங்கு இருப்பார்கள்.

இல்லத்தை நேரில் பார்க்கப் போகும்போது, அவர்கள் குறித்துத் தந்த நேரத்தில் ஒருமுறையும், சொல்லாமல் இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒருமுறையும் போங்கள். சுவரையும் தரையையும் பார்ப்பதைவிட, படுத்திருப்பவர்களின் உதட்டைப் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்திருந்தால், வாயைத் துடைத்துவிட ஆளில்லை. தண்ணீர்க் கோப்பை அவர்கள் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா, அல்லது சுவரோரத்து மேசையில் மூடிவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படுக்கைப்புண் முதலில் தலைகாட்டும் இடங்கள் வால் எலும்பின் மேலும் குதிக்காலும் இடுப்பின் பக்கங்களும் ஆகும். அழுத்தினாலும் வெளிறாத சிவப்பே அதன் தொடக்கம். தானாகத் திரும்பிப் படுக்க இயலாதவரை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புகிறீர்கள் என்று கேட்டால், இரண்டு மணித்தியாலம் என்று எல்லோரும் சொல்வார்கள். கடைசியாக எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அதற்குத் தாளைப் பார்த்துப் பதில் சொல்பவர்களை நம்பலாம்.

பதிவு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை அதற்குப் பொறுப்பு. நடப்பாண்டுக்குரிய சான்றிதழைப் பாருங்கள்; வைத்தியரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையும் கேளுங்கள். முதியோர் இல்லமாக மட்டும் நடப்பவை, வலி மருந்து கொடுக்க ஆயத்தமில்லாமலே, கடைசிக் காலப் பராமரிப்பு என்று பெயர்ப் பலகை மாட்டுவதும் உண்டு. சான்றிதழ் இருப்பது நல்லது. ஆனால் திறப்புக் கதையில் நான் குறிப்பிட்ட இல்லத்துக்கும் சான்றிதழ் இருந்தது.

வீட்டுச் சேவையைப் பொறுத்தவரை, இரவில் வரவேண்டிய தாதி எங்கே குடியிருக்கிறார் என்பது பெரிய விடயம். அவர் பாலையூற்றிலோ அன்புவழிபுரத்திலோ இருந்தால் உவர்மலைக்கு வரலாம். கந்தளாயிலிருந்து யானை நடமாடும் வீதியில் நள்ளிரவில் வருவார் என்று யாரும் உறுதி தந்தால் அது நடவாத காரியம். அப்படியானால் வராமலே எதைச் செய்ய முடியும் என்று கேளுங்கள். இடைவலிக்குரிய மருந்தை நாள்வாரியாகப் பிரித்து, தமிழில் எழுதி ஒட்டி, வீட்டிலேயே வைத்துவிட்டு, எப்போது எதைக் கொடுப்பது என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் முழுவதும் பழக்கித் தரும் சேவை, இரவில் வராவிட்டாலும் தரமானதே. அவர்கள் கொடுத்த இரவு நேர இலக்கத்துக்கு, சேருமுன்னரே ஓரிரவு பதினொரு மணிக்கு அழைத்துப் பாருங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை; யார் எடுக்கிறார், தூக்கக் கலக்கத்தில் என்ன சொல்கிறார் என்பதை அன்றே தெரிந்துகொள்வீர்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த இரவுச் சோதனையில் வீட்டுச் சேவை தேறினால் அப்பாவை வீட்டிலேயே வைத்திருங்கள். தன் சாய்மனைக் கதிரையும், அம்மாவின் குரலும், விடியற்காலை கோணேசர் கோயில் மணியும் அவருக்குப் பழகியவை. பகலில் தூக்கி உட்கார்த்த ஒரு பலமான ஆளை மட்டும் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அம்மாவின் முழங்காலை நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அம்மா திருகோணமலையில் ஒரு பராமரிப்பு நிலையத்தில், சிறுநீரகம் செயலிழந்த நிலையில், இரத்தச் சுத்திகரிப்பு வேண்டாம் என்று அவரே முடிவெடுத்த பின்னர் இருக்கிறார். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். தினமும் வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். எல்லாப் படத்திலும் அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துச் சிரிக்கிறார். ஆனாலும் மனம் ஆறவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து என்ன பார்ப்பது?
– ஒரு மகன், கனடா

பதில்: உங்கள் மனம் ஆறாதது நியாயமானதே. தலைவாரிப் பொட்டு வைத்து எடுத்த படம், படமெடுத்த அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டுமே கூறும். முகத்தின் படத்துக்குப் பதிலாக மருந்துத் தாளின் படத்தை ஒவ்வொரு நாளும் அனுப்பச் சொல்லுங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு மோர்பின் உடம்பில் தேங்கி மயக்கத்தையும் உடம்புத் துடிப்பையும் உண்டாக்கும் என்பதால், அவருடைய வலி மருந்தின் வகையும் அளவும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் மருந்தை யார், எப்போது, அவருடைய சிறுநீரக நிலையைக் கருத்திற்கொண்டு எழுதினார் என்று கேட்டால், அங்கு வைத்தியர் உண்மையாகவே வருகிறாரா என்பது வெளிப்பட்டுவிடும். இந்த நோயாளிகளுக்கு உடம்பு அரிப்பும் குமட்டலும் மூச்சுத்திணறலும் பெருந்தொல்லையாக இருக்கும். அவற்றைப் பற்றி அவர்களாக முன்வந்து உங்களிடம் ஒருமுறையாவது கதைத்திருக்கிறார்களா?

நேர வித்தியாசம் உங்களுக்கு ஒரு வசதி. கனடாவில் மாலையாக இருக்கும்போது இங்கே விடியற்காலை. இரவுக் கடமை முடியும் அந்த நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் வீடியோ அழைப்பு எடுத்து, கைத்தொலைபேசியை அம்மாவின் கட்டிலின் கால்மாட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். ஈரமான விரிப்பும், உறைந்த தேநீரும், தரையில் விழுந்த அழைப்பு மணியும் இருந்தால் தெரிந்துவிடும். மாதத்தில் ஒரு நாளாவது அம்மாவோடு தனியே, பக்கத்தில் அலுவலர் எவரும் நில்லாமல், கதைக்க இடம் தர வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். இதற்குச் சாக்குச் சொல்லும் நிலையத்தில் என் தாயை நான் வைத்திருக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளையின் பணம் என்று தெரிந்ததும் தேவையற்ற இரத்தப் பரிசோதனையும் நாளுக்கொரு சேலைனும் பற்றுச்சீட்டில் ஏறுவதை நான் கண்டிருக்கிறேன். பற்றுச்சீட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் அம்மாவின் எந்தக் கஷ்டத்தைக் குறைப்பதற்காக என்று கேளுங்கள். நீங்கள் தொலைவில் இருப்பதால், அவசர முடிவெடுக்கும் பொறுப்பை இங்குள்ள ஓர் உறவினருக்கு எழுத்தில் கொடுத்து, அம்மாவின் விருப்பங்களை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அந்த உறவினரும் நிலையமும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கச் செய்யுங்கள். இரத்தச் சுத்திகரிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்த தெளிவு அவரிடம் இருக்கிறது; மீதியையும் அவரிடமே கேட்கலாம்.

கேள்வி: மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சாப்பிடாமல் கிடப்பவருக்கு சேலைன் ஏற்ற மாட்டோம் என்று பராமரிப்பவர்களும் சொல்கிறார்கள். இவர்கள் சரியானவர்கள்தானா?
– வாசகி, மூதூர்

பதில்: வலிக்கு ஏற்றபடி சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படும் மோர்பின் உயிரைக் குறுக்குவதில்லை. முதல் ஓரிரு நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். பல நாள் வலியால் தூங்காதவர் தூங்குகிறார் என்பதும் அதில் ஒரு பகுதி. மரணம் அண்மித்த நோயாளிக்கே பெரும்பாலும் இந்த மருந்து கொடுக்கப்படுவதால், மருந்துதான் கொண்டுபோனது என்ற எண்ணம் சனத்துக்குள் வேரூன்றிவிட்டது.

சேலைன் விடயத்தில், கடைசி நாட்களில் உடம்பு தானாகவே உணவையும் நீரையும் வேண்டாமென்று ஒதுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஏற்றும் நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கி மூச்சுத்திணறலைக் கூட்டக்கூடும். ஆகவே அவர்கள் மறுப்பது அக்கறையின்மை ஆகாது. ஆனால் ஏன் ஏற்றவில்லை என்பதை உங்களை உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும். பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவதையும், வாயைத் துடைப்பதையும் உங்கள் கையாலேயே செய்யப் பழக்கியிருக்க வேண்டும். ஊட்டிவிட்டே பழகிய கைகளுக்குச் செய்ய ஏதாவது வேண்டும், இல்லையா? கடைசி மணித்தியாலங்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம் என்பதையும், அது அநேகமாக நோயாளிக்கு வேதனை தருவதில்லை, பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லாமல் விட்டால், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்து, வீட்டில் கண்மூட விரும்பியவரை வைத்தியசாலை வாசலில் இழக்க நேரும்.

கேள்வி: அப்பாவுக்குத் தனக்கு என்ன நோய் என்று தெரியாது. நாங்கள் வாயுத்தொல்லை என்று சொல்லிவைத்திருக்கிறோம். வீட்டுக்கு வரும் பராமரிப்புக் குழுவினர், அவர் கேட்டால் நாங்கள் பொய் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். இரக்கமில்லாதவர்களாகத் தெரிகிறது. வேறு ஆட்களைத் தேடலாமா?
– ஒரு மகன், நிலாவெளி

பதில்: தேட வேண்டாம், தம்பி. நல்லவர்களைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் ஊர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் எங்கள் விடுதியில் இருந்தார். அவருக்கு எதையும் சொல்லக் கூடாது என்று மனைவியும் பிள்ளைகளும் எங்களிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தார்கள். ஒரு மாலை அவர் என்னிடம், ‘தங்கச்சி, மாரிக்கு முன்னம் வள்ளத்தைக் கரையேற்ற நான் இருப்பேனா?’ என்று கேட்டார். நான், ‘சுகமாகி வீட்டுக்குப் போவீர்கள், ஐயா’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. மூன்று நாளைக்குப் பின் எங்கள் விடுதியின் மூத்த தாதி அவருடைய கட்டிலில் அமர்ந்து, ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று மட்டும் கேட்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வள்ளத்தை எந்த மகனுக்கு, வலையை எந்த மகனுக்கு என்று சொல்லவும், ஒரு பழைய கடனைத் தீர்க்கவும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வாசலை அடைத்து வைத்திருந்தோம்.

அதற்காக நோயின் பெயரைக் கேட்காதவர் முகத்தில் எறிய வேண்டும் என்று பொருளில்லை. அந்தக் குழுவினரிடம், அப்பா கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்வீர்களா என்று கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரிடமே முதலில் கேட்போம், அவர் நிறுத்தும் இடத்தில் நாங்களும் நிறுத்துவோம் என்று பதில் வந்தால், அவர்கள் கைதேர்ந்தவர்கள். 1967 ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ் என்ற அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் வைத்தியரானவர்; உடம்பின் நோவு, மனத்தின் நோவு, குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மாவின் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று அவர் வகுத்தார். மாத்திரையை எவ்வளவு கூட்டியும் அடங்காத வலிக்குப் பின்னால், சில வேளைகளில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கும். உங்கள் அப்பா இரவில் தூங்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரா என்று கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்து இளைஞர்கள் சிலர் இலவசமாக வீடு வீடாகச் சென்று இப்படியான நோயாளர்களைப் பார்க்கிறார்கள். படித்த தாதிகள் அல்லர். இவர்களை நம்பலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: நம்பலாம், எதற்கு நம்பலாம் என்பதைப் பிரித்து அறிந்துகொண்டால் போதும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993 ஆம் ஆண்டில் வைத்தியர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், அயலவர்களான தொண்டர்களைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பியே மாநிலம் முழுவதும் பரவியது. 2008 இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. ஆனால் அங்கே தொண்டர்களுக்குப் பின்னால் தாதியும், தாதிக்குப் பின்னால் வைத்தியரும் இருந்தார்கள். உங்கள் ஊர் இளைஞர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். திருப்பிப் படுக்கவைக்கலாம், குளிக்கவார்க்கலாம், கிளினிக்குக்குக் கூட்டிப்போகலாம், மருந்தெடுத்து வரலாம், வீட்டாரை இரண்டு மணித்தியாலம் தூங்கவிட்டுக் காவலிருக்கலாம். மருந்தின் அளவை மாற்றுவதும் புண்ணைக் கீறுவதும் அவர்களுடைய வேலை அல்ல. அதை அவர்களே தெரிந்து வைத்திருக்கிறார்களா என்பதுதான் சோதனை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பால்மா பெட்டியைக் கையில் கொடுத்து, எலும்பும் தோலுமாகக் கிடப்பவரோடு நின்று படமெடுத்து முகநூலில் போடுபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். எத்தனை நல்ல மனத்தோடு செய்தாலும், அந்த மனிதரின் கடைசி மானத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 48. மார்பகப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. வீட்டில் வைத்தே பார்க்க நிய்யத்து. மாற்று மதத்தவர் நடத்தும் ஒரு வீட்டுச் சேவை உதவ முன்வந்துள்ளது. என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
– வாசகர், கிண்ணியா

பதில்: சகோதரரே, அவர்கள் எந்த மதத்தவர் என்பதைவிட, உங்கள் மனைவியின் வழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்களா என்பதைப் பாருங்கள். மார்பில் புண் இருந்தால் அதைத் துடைத்துக் கட்டுவதற்குப் பெண் தாதியே வருவாரா, அவருக்கு விடுமுறை என்றால் மாற்று ஆள் யார் என்று முதலில் கேளுங்கள். அப்படியான புண்ணிலிருந்து துர்வாடை வரும். அதற்கு மருந்து உண்டு. மெற்றோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் இடும் முறையைத் தாதிகள் நன்கு அறிவார்கள். மூக்கைச் சுளிக்காமல், அதைப் பற்றி அவராகவே பேச்செடுத்து, உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கும் தாதியே நல்ல தாதி. வாடையை நினைத்துக் கூச்சப்பட்டே எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வரவிடாமல் இருந்துவிடுகிறார்கள்.

கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்ப இயலுமா, தொழுகை நேரத்தில் தெளிவோடு இருக்க விரும்பினால் மருந்து நேரங்களை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாமா என்பவற்றை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மோர்பினைப் பொறுத்தவரை, அது அபாயகர ஔடதங்கள் பற்றிய சட்டத்துக்கு உட்பட்டது, வைத்தியரின் துண்டின்றிக் கிடைக்காது. எந்த வைத்தியசாலையிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பார்கள், நீண்ட விடுமுறையோ வெள்ளமோ வந்து பாதை தடைப்பட்டால் வீட்டில் எத்தனை நாளுக்குரிய மருந்து மிச்சமிருக்கும் என்று கேளுங்கள். மாரி காலத்தில் நம் மாவட்டத்தில் இது பெரிய விடயம்.

ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்பதால் கடதாசி வேலைகளை முன்கூட்டியே அறிந்துவைக்க வேண்டும். வீட்டில் நேரும் இயற்கை மரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும், அதைக்கொண்டு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நோயின் பெயரும் நிலையும் எழுதப்பட்ட வைத்தியரின் குறிப்பும் கிளினிக் கொப்பியும் கையில் இருந்தால், திடீர் மரணமோ என்ற கேள்வியே எழாது. நல்ல சேவையினர் இந்தக் குறிப்பை வாரந்தோறும் புதுப்பித்துத் தருவார்கள். கதீற்றர் எனும் சிறுநீர்க் குழாய் போன்றவற்றை யார் கழற்றுவார், மிஞ்சிய மோர்பின் மாத்திரைகளை எண்ணி யார் திருப்பி ஒப்படைப்பார் என்பதையும் சொல்லிவைப்பார்கள். கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தையும், குளிப்பாட்ட வரும் பெண்களின் இலக்கத்தையும் அந்தக் குறிப்போடு ஒரே உறையில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை உங்கள் மூத்த பிள்ளைக்கும் காட்டிவையுங்கள்.